மூன்று தடவை மாறிய பாடம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வீடியோ சிஸ்டர் என்று பெயர். வைத்தவர் டாக்டர். இருபது வருஷமாகப் பிரசவ அறையில் நிற்கிறவள், சும்மா கிடைக்கிற படிப்பு எதையும் விட்டதில்லை. முதலில் தபாலில் சி.டி. வந்தது, போட்டுப் பார்க்க அக்கா வீட்டுக்கு நடந்தாள். பிறகு பிரவுசிங் சென்டரில், பாதியிலேயே நின்று நின்று ஓடும் படம். இப்போது போனில், வகுப்பு உள்ளங்கைக்கே வந்துவிட்டது. ஓசியில் கொடுக்கிற படிப்பில் என்ன இருக்கப் போகிறது என்பான் கணவன். காசு கட்டிப் படித்தவர்கள் அப்புறம் புத்தகத்தையே தொடுவதில்லையே என்பாள் இவள்.

பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவழைக்கும் பாடத்தை மட்டும் மூன்று தடவை படித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது மாறியிருந்தது. குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துத் துவண்டு பிறந்தால், முதலில் தொண்டையில் குழாய் விட்டு உறிஞ்சு என்றது சி.டி. உறிஞ்சிக்கொண்டு நிற்காதே, முதலில் காற்றைக் கொடு என்றது கடைசிப் பாடம். அவள் புத்திக்கு அது ஏறிவிட்டது. கைக்கு ஏறவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு அப்படி ஒரு குழந்தை பிறந்தது. பச்சை நீரில் நனைந்து, ஈரத்துணியாகத் தொங்கியது. சத்தமே இல்லை. துடைத்து மேசையில் கிடத்தினாள். அவள் கை தானாகக் குழாயை எடுத்துவிட்டது. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

கையைப் பார்த்தாள். குழாயைக் கீழே வைத்தாள்.

"முதல்ல காத்து, சார்."

"உங்க வீடியோவ வீட்ல வச்சுக்குங்க. உறிஞ்சுங்க."

சொன்னதைக் கேட்டுக் குழந்தை போனால் விதி என்பார்கள். கேட்காமல் போனால் பழி மொத்தமும் அவள் தலையில். திரைக்கு அந்தப் பக்கம் தாய், "ஏன் அழல?" என்றாள்.

முகமூடியை வாயும் மூக்கும் மூட வைத்து, காற்றுப் பையை அமுக்கினாள். நெஞ்சு எழும்பவில்லை. டாக்டர் அவளைத் தோளால் ஒதுக்கப் பார்த்து, குழாயை எடுத்தார். அவள் நகரவில்லை. குழந்தையின் தாடையைச் சற்றுத் தூக்கி, முகமூடியை அழுத்திப் பிடித்து மறுபடி அமுக்கினாள். எழும்பியது. இன்னொன்று. இன்னொன்று.

டாக்டரின் கை பாதியில் நின்றது. ஸ்டெதாஸ்கோப்பை அந்தச் சின்ன நெஞ்சில் வைத்தார்.

"துடிப்பு நூறத் தாண்டிடுச்சு," என்றார், சுவரிடம் சொல்வதுபோல.

அப்புறம் ஒரு விக்கல். ஒரு முனகல். அதற்கப்புறம்தான் அழுகை.

கை கழுவும் இடத்துக்கு டாக்டர் வந்து நின்றார். போனை நீட்டி, அந்த வகுப்பில் தன்னையும் சேர்த்துவிடச் சொன்னார். பெயர் மட்டும் வெளியே தெரிய வேண்டாமாம்.

"பேர் இல்லாம சேத்துக்க மாட்டாங்க, சார். என் கையெல்லாம் சோப்பு. நீங்களே அடிங்க."

ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒற்றை விரலால் தன் பெயரை அடிக்கத் தொடங்கினார்.