எறும்புக்கு ஒரு படி

கிராமத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவனுக்கு முத்திரை உண்டு, மை டப்பா உண்டு, பூட்டில்லாத ஒரு பீரோவும் உண்டு. உள்ளே ஓர் ஆள் உண்டு என்பதை மட்டும் யாரும் நம்புவதில்லை. நீங்களும் வாத்தியாராகவோ நர்ஸாகவோ போஸ்ட்மாஸ்டராகவோ ஏதாவது ஒரு ஊரில் குப்பை கொட்டியவராக இருந்தால் என் கஷ்டம் புரியும். கடையில் கால் கிலோ வெல்லம் கூடுதலாக வாங்கிப் பாருங்கள், மேலதிகாரி யாரோ வருகிறார் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதித் தேறிய எங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் என்று நீளமாகப் பெயர் வைத்து அனுப்பிய காலம். பெயர்தான் நீளம், ஊர் எங்களையும் கணக்குப்பிள்ளை என்றே கூப்பிட்டது. நான் தாராசுரத்துக்காரன். எனக்குக் கிடைத்தது வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது மனுப் போடுவார்கள், வேண்டாம். ஊரில் பாதி நிலம் பெரிய வீட்டு மிராசுதாருக்குச் சொந்தம். மீதிப் பாதியில் அவருக்கு வழக்கு.

சேர்ந்த அன்று வருவாய் ஆய்வாளர் எனக்குப் புத்தி சொன்னார். "தம்பி, எந்நேரமும் ஏட்டைத் தூக்கிட்டுத் திரியாதீங்க. வேலைக்கு வெளியே உங்களுக்கும் ஒரு முகம் இருக்குன்னு ஜனங்களுக்குக் காட்டுங்க. அப்பதான் ஒட்டுவாங்க."

காட்டினேன். கேளுங்கள்.

காபியும் டீயும்

முதலில் போனது பெரிய வீட்டுக்கு. நிலவரி விஷயமாகப் போனவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். மறுக்கக்கூடாது என்று குடித்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தெற்குத் தெருவில், புதுக் கணக்குப்பிள்ளை பெரிய வீட்டு ஆள் ஆகிவிட்டார் என்று சேதி போய்விட்டது. சரி, சமன் செய்வோம் என்று மறுநாள் தெற்குத் தெரு டீக்கடையில், செங்கொடி கட்டிய மூங்கிலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். பெரிய வீட்டுக் காரியஸ்தர் கலியபெருமாள் சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனார். பெரிய வீட்டின் வயல், வழக்கு, வம்பு மூன்றையும் கவனிப்பவர் அவர்தான். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். மூன்று தடவை பார்த்து உறுதி செய்துகொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தார்.

எதுக்கு வம்பு என்று ஒரு வாரம் இரண்டு இடத்துக்கும் போகாமல் வீட்டிலேயே காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். எட்டாம் நாள் டீக்கடைக் கோவிந்தன் வழியில் நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அங்கியும் காபி குடிக்கல, இங்கியும் டீ குடிக்கல. அப்ப இதைவிடப் பெரிய இடம் எங்கியோ புடிச்சிட்டீங்க, இல்லீங்களா?"

வாசல்

கார்த்திகைக் கடைசியில் என் மனைவி பிரசவத்துக்காகத் திருக்கடையூரிலுள்ள தாய் வீட்டுக்குப் போனாள். மார்கழி பிறந்தது. தெருவில் எல்லா வாசலிலும் கோலம், என் வாசல் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. எனக்கோ கை பரபரத்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு இழுப்பு. பனியில் குனிந்தால் மூச்சு வாங்கும். வீட்டில் பெண்பிள்ளை கிடையாது. அதனால் ஒன்பது வயதிலிருந்து எங்கள் வாசல் என் பொறுப்பு. இருபத்தொரு புள்ளி வைத்தால் கடைசிப் புள்ளிவரை இழை பிசகாது. இந்த உலகத்தில் நான் உருப்படியாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். குனிந்து மாவை விடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கையிலிருந்த கோலமாவை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போட்டுவிட்டேன். யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தது என் மடத்தனம். மார்கழியில் ஊர் எப்போது தூங்கியது? பால்காரம்மா பார்த்துவிட்டுப் பாலை ஊற்றாமலே ஓடினாள். விடிவதற்குள் இருபது பேர். வேலைக்கு வெளியே இருக்கும் என் முகத்தைக் கடைசியில் ஊர் பார்த்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. பக்கத்து வீட்டு ராஜாமணி அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "புள்ளியெல்லாம் இவ்வளவு நேரா வைக்கத் தெரியுது. நிலம் அளந்தப்ப எங்க எல்லைக்கல்லு மட்டும் உங்க கண்ணுக்கு எப்படிக் கோணலா தெரிஞ்சுது?"

சின்னம்

அடுத்த நாள் நடுவில் சூரியன் வைத்து ஒரு கோலம். காலை ஏழு மணிக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆளுங்கட்சிக்காரர் எட்டு மணிக்கு வந்தார், குலுக்கவில்லை. பதறிப்போய் மறுநாள் சுற்றிலும் பன்னிரண்டு இலை போட்டேன். பன்னிரண்டில் இரண்டை மட்டும் எண்ணினார்கள். எண்ணியவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதென்னடா வம்பாப் போச்சு, நெல் விளையும் ஊர், நெற்கதிரை யார் குற்றம் சொல்வார்கள் என்று மூன்றாம் நாள் ஒரு கதிர் போட்டேன். அரிவாள் எங்கே என்று தெற்குத் தெருவில் அன்பாக விசாரித்தார்கள்.

பூ, இலை, வானம், பயிர் எல்லாவற்றையும் கட்சிகள் பட்டாப் போட்டு வாங்கிவிட்டன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு சிக்குக்கோலம் மட்டும்தான். புள்ளிகளை வளைத்து வளைத்துப் போகும் வெறும் இழை, ஒரு உருவமும் இருக்காது. எவனும் குற்றம் சொல்ல முடியாது என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன். விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் அந்தப் பக்கம் வந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாப் புள்ளியையும் சுத்திச் சுத்தி வருது, ஒண்ணையும் தொடல. அசல் கவர்மெண்ட் கோலங்க."

தனபாக்கியத்தின் அரிசி

தெற்குத் தெருவில் தனபாக்கியம் என்று ஒரு விதவை. பெரிய வீட்டு நிலத்தில் எட்டு மா, அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல், புருஷன் காலத்திலிருந்து குத்தகைக்குப் பார்த்துவந்தாள். எல்லாம் வாய்வார்த்தை. நெல்லை அளப்பாள், ரசீது கிடையாது. புருஷன் போனபிறகு நிலத்தை விடு என்று பெரிய வீடு நெருக்கியது. அவள் குத்தகைதாரர் இல்லை, வெறும் கூலியாள் என்று சொல்ல ஆள் தயாராக இருந்தார்கள். அவள் குத்தகைப் பதிவு கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே வழி அடங்கல். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று நாங்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதும் ஏடு அது. இந்தத் தடவையும் அதில் அவள் பெயர் ஏறவில்லை என்றால் தை அறுப்போடு அவள் வெளியே.

அந்தத் தனபாக்கியம் ஒருநாள் காலை என் வாசலில் நின்றாள். வழக்கு விஷயம் பேச வந்திருக்கிறாள் என்று விறைப்பாக நிமிர்ந்தேன். அவள் கோலத்தைத்தான் பார்த்தாள். "கல்லு மாவுலயாங்க போடுறீங்க? மார்கழியில எறும்பு எதைத் தின்னும்?" என்றாள். மறுநாள் ஒரு படி உடைந்த பச்சரிசி கொண்டுவந்தாள். சீரகச் சம்பா, கம்மென்று மணத்தது. பெரிய வீட்டிலிருந்து வந்த வாழைத்தாரைத் திருப்பி அனுப்பிய யோக்கியன் நான். ஆனால் அரிசிமாவுக் கோலம் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கை ஆசைப்பட்டது. வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை வாங்கிவிட்டது. நான் முழிப்பதைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள்: "இது உங்களுக்கு இல்லீங்க ஐயா. எறும்புக்கு."

வயல்

தை பிறப்பதற்குள் அடங்கலுக்காக வயல் வயலாக நடந்தேன். கலியபெருமாளும் துணைக்கு வந்தார், நான் கூப்பிடவில்லை. ஊர் முழுக்க ஐ.ஆர். இருபது நெல். இந்த எட்டு மாவில் மட்டும் சீரகச் சம்பா கதிர் பிடித்து நின்றது. தனபாக்கியம் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டிருந்தாள். இது யார் வைத்த பயிர் என்று பக்கத்து வயல்காரர்களைக் கேட்டேன். கலியபெருமாளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணெதிரே சேற்றில் ஒருத்தி நிற்கும்போது பெரிய வீடே நேரில் இறங்கிப் பயிர் வைத்தது என்று எப்படி எழுதுவது? சாகுபடியாளர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.

கலியபெருமாள் எட்டிப் பார்த்தார். கோபப்படவே இல்லை. "நல்ல கையெழுத்துங்க. நீங்க கோலத்தோட நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

விசாரணை

பங்குனியில் தாலுகா ஆபீஸில் விசாரணை. கலியபெருமாள் ஒரு மனுவும் ஒரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். இந்தக் கணக்குப்பிள்ளை தனபாக்கியத்திடம் அரிசி லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் அடங்கல் எழுதினார், அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மனு. பொட்டலத்தில் என் வாசலில் வழித்தெடுத்த கோலமாவு. மார்கழியில் எடுத்துப் பங்குனிவரை பத்திரமாக வைத்திருந்தார். அடங்கல் போனால் தனபாக்கியத்துக்கு வேறு ஆதாரமே கிடையாது. ஓரமாக நின்றிருந்த அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு படி அரிசியில் அவள் வயலை நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

தாசில்தார் பொட்டலத்தைப் பிரித்தார். "மாவுதானே இருக்கு. அந்த அம்மா குடுத்த அரிசின்னு எப்படிச் சொல்றீங்க?"

"மோந்து பாருங்க சார். சீரகச் சம்பா. எங்க ஊர்ல அது அந்த எட்டு மாவைத் தவிர வேற எங்கியும் கிடையாது."

"கடையில வாங்கியிருக்கலாமே?"

கேஸ் கையைவிட்டுப் போகிறது என்று கலியபெருமாளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவளா? கடையிலயா? எல்லாம் அவளே வெளைய வச்சதுங்க சார். மூணு வருஷமா நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், ஐ.ஆர். இருபது போடு, கண்டுமுதல் ரெண்டு மூட்டை கூடக் காணும்னு. கேட்டாளா? குத்தகை நெல்லையும் அதுலயே கொண்டாந்து அளக்குறா. எங்க ஐயாவுக்கு அந்த வாசனையே ஆகாது சார்."

சொல்லி முடித்தபிறகுதான் அவர் வாய் நின்றது. தாசில்தார் பொட்டலத்தைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு எழுத்தரைப் பார்த்துத் திரும்பினார். "குத்தகை அளக்குறான்னு சொன்னாரில்ல, அதை அவரு சொன்ன மாதிரியே எழுதிக்குங்க."

தீர்ப்பு

தனபாக்கியத்தின் பெயர் குத்தகைதாரராகப் பதிவாயிற்று. நான் யோக்கியனாக அந்த அரிசியைத் திருப்பி அனுப்பியிருந்தால் அவள் தோற்றிருப்பாள். இதை யோசித்து யோசித்து எனக்கு இன்றுவரை எந்த நீதியும் பிடிபடவில்லை.

என் விஷயம் தனியாக வந்தது. வழக்கில் இருக்கிற ஆளிடம் அரிசி வாங்கினீர்களா இல்லையா என்று தாசில்தார் கேட்டார். வாங்கினேன் என்றேன். எறும்புக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றும் சொல்லிவைத்தேன். அவர் பேனாவைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். கொஞ்சம் இரக்கம்கூட இருந்த மாதிரி தெரிந்தது. "எறும்பை மாத்தல் பண்றதுக்கு எனக்கு அதிகாரம் இல்லையே, தம்பி."

ஏடு

கடலோரத்தில் உப்பளத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். ஏடுகளை ஒப்படைத்த அன்று, என் ஆபீஸாக இருந்த கிராமச் சாவடிக்குத் தனபாக்கியம் வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவளுக்கு விவரம் தெரிந்துவிட்டது. தன் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னாள். பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாதவள், குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்தாள், முகத்தில் குறைதான் இருந்தது. "வாசல்ல தெருவடைச்சுப் போடுறீங்க. என் பேரை மட்டும் இத்துனூண்டா எழுதியிருக்கீங்களே, ஐயா."

உப்பளத்து ஊரில் இப்போது என் மனைவிதான் வாசலில் கோலம் போடுகிறாள்; எத்தனை புள்ளி, எங்கே வளைவு என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வதோடு சரி, அதுவும் வாய்வார்த்தைதான், ரசீது கிடையாது.