டாக்டர் சொன்ன 'ஃபேர்'

மொரீசியஸுக்குச் சுதந்திரம் வருவதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு அங்கே தமிழாசிரியர் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு கும்பகோணத்திலிருந்து புறப்பட்டுப் போய், வக்குவா என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஓயாத தூறல், காயாத துணி, சாப்பிடாத பிள்ளை. இந்த மூன்றோடும் மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு.

துணியையாவது அடுப்பருகே போட்டுக் காயவைத்துவிடலாம். பிள்ளையை என்ன செய்வது? வயது இன்னும் ஒன்று முடியவில்லை, அதற்குள் அத்தனை பிடிவாதம். பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வான். காக்கா காட்டி ஊட்டலாம் என்றால் எங்கள் வாசலுக்கு வந்ததெல்லாம் மைனாதான். ஏமாற்றி ஒரு வாய் போட்டால் என் முகத்திலேயே துப்புவான். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன மட்டும் துரைக்குப் பசிக்கும்! 'பாலாவது குடிக்கிறானே' என்று நானும் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பால் புட்டியைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் தன் பங்குக்குப் பால் டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவாள். அதை மட்டும் சப்புக்கொட்டிச் சாப்பிடுவான். அவளும் தமிழ்க் குடும்பம்தான். பொட்டு, காவடி, தீமிதி எல்லாம் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் கிரியோல்தான். அக்கா, மாமா, சாமி, கோவில் என்று நாலைந்து சொல்தான் தமிழில் வரும். காலையில் வேலிக்கு மேலே தலையை நீட்டி "அக்கா, கி பெ ஃபேர்?" என்பாள். என்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம். 'ஃபேர்' என்றால் 'செய்'. எனக்குத் தெரிந்த கிரியோல் அவ்வளவுதான்.

பிள்ளை நாளுக்கு நாள் வெளுத்தான். உள்ளங்கையில் சிவப்பே இல்லை. தவழ்ந்துகொண்டிருந்தவன் என் தோளை விட்டு இறங்காமல் சாய்ந்தே கிடந்தான். அது 'தாம்பாவ்' என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குழந்தைகளுக்கு வரும் ஏதோ தோஷத்துக்கு அந்த ஊரில் அப்படிப் பெயராம். உடனே ஒரு கஷாயம் வந்தது. கோயில் குருக்கள் வீட்டு மாமி, திருஷ்டி என்றார். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்களே தவிர, சோற்றுக் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் ஊட்டிப் பார்க்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்ததுதான் தாமதம், இவன் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சொன்னார்?"

"ரத்தமே இல்லையாம். செய்ய வேண்டியதைச் செய்யுங்கன்னார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்."

நம் ஊரில் ஒரு டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? பிள்ளை பிழைக்காது என்றுதானே! எப்படி வீடு வந்து சேர்ந்தேனோ தெரியாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். முடி இறக்குவதாகவும் பால்குடம் எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டேன். கண் காணாத சீமைக்கு வந்து பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இவர் போய், பிள்ளை பிழைப்பது கஷ்டம் என்று ஊருக்குத் தந்தியும் கொடுத்துவிட்டு வந்தார்!

புதன் முழுக்க இப்படியே போயிற்று. வியாழக்கிழமை காலையில் பிள்ளை கண் விழித்து என் தாலியைப் பிடித்து இழுத்தான். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ! 'செய்ய வேண்டியதைச் செய்' என்றால் என்ன, அதையும் அந்த டாக்டரே சொல்லட்டுமே. இவர் பள்ளிக்கூடம் போனதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டரைப் பார்த்ததும், "என் பிள்ளை பிழைக்குமா, பிழைக்காதா? சொல்லுங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் பயந்துபோய், "பா பேர், மாதாம், பா பேர்" என்றார். பயப்படாதே என்கிறார் என்பது குரலிலேயே புரிந்தது. பிறகு, "பிஸேன் ஃபேர்" என்றார்.

மறுபடியும் ஃபேர்! "செய் செய்னா என்னத்தைச் செய்யறது?" என்று நான் அலற, பக்கத்து வீட்டுப் பெண் அவரிடம் கிரியோலில் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, இல்லை என்று கையை ஆட்டி, "நோன், அக்கா, நோன்! ஃபேர்!" என்றாள். அவளுக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. டாக்டர் எழுந்து போய், நோயாளிகள் படுக்கும் இரும்புக் கட்டிலைப் பேனாவால் டங் டங் என்று தட்டி, "ஃபேர்! அயர்ன்!" என்றார்.

"இரும்பா?"

"வி, இரும்பு! இரும்பு!" என்று தலையை ஆட்டி அவள் குதித்தாள்.

அந்த மொழியில் செய்வதற்கும் ஃபேர்தான், இரும்புக்கும் ஃபேர்தான். 'பிஸேன்' என்றால் 'வேண்டும்'; 'இரும்பு வேண்டும்' என்றதைத்தான் இவர் 'செய்ய வேண்டும்' என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ரத்தம் குறைவு, இரும்புச்சத்து கொடுக்க வேண்டும், மருந்து வெள்ளிக்கிழமைதான் வரும், வந்து வாங்கிக்கொள். செவ்வாய்க்கிழமை அவர் சொன்னது இவ்வளவுதான் என்று சைகையும் ஒன்றிரண்டு இங்கிலீஷ் வார்த்தையுமாக எனக்கு விளங்கியது. நான் அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பால் புட்டியைக் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார் டாக்டர். வயிறு முழுக்கப் பாலாக இருந்தால் சோறு எப்படி இறங்கும்? டீ இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாதாம், அதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பருப்பும் கீரையும் கொடுக்கச் சொன்னார். முருங்கைக்கீரையை அங்கே 'ப்ரெத் முரூம்' என்பார்கள். அது எங்கள் கொல்லைப்புற வேலியிலேயே தழைத்துக் கிடந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த டாக்டர் சீமையில் படிச்சவர். ரெண்டு பேரும் இங்கிலீஷில் பேசினா என்ன, வாயா வெந்துபோகும்?"

"இல்லடி... வந்த ஊர்ப் பேச்சைப் பேசினா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு..."

சந்தோஷமாம்! இத்தோடு விட்டாரா மனிதர்? 'குழந்தை நலம், இரும்புதான் தேவை' என்று இன்னொரு தந்தி. அதைப் பார்த்துவிட்டு என் மாமனார், ஏதோ தோஷம் என்று நினைத்து, பிள்ளை காலுக்கு மந்திரித்த இரும்புக் காப்பு ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார்.

காப்பு வந்து சேர்ந்தபோது பிள்ளை சோற்றுக் கிண்ணத்தைத் தானே இழுத்துக் கவிழ்க்கும் அளவுக்குத் தேறியிருந்தான். இன்று அவனுக்கே தலை நரைத்துவிட்டது. எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் மடியில் உயிரோடு கிடந்த பிள்ளைக்காக இரண்டு நாள் அழுதவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இன்றைக்கும் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் சொன்னது எனக்கே விளங்கும்வரை, யார் எத்தனை முறை கையைப் பிடித்து இழுத்தாலும், அவர் எதிரே உள்ள நாற்காலியை விட்டு நான் எழுந்திருப்பதில்லை.