கொடி எழுத்தில் அடித்த பெயர்கள்

பத்திரிகை டிசைன் செய்கிற கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: வருகிறவர்கள் மண்டபத்தைக்கூட யோசித்துச் சொல்வார்கள், எழுத்தை மட்டும் வரும்போதே முடிவு செய்திருப்பார்கள். திண்டுக்கல்லில் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே எழுத்துதான். கொம்பும் காலும் சுரைக்கொடி மாதிரி சுருண்டு பக்கத்து எழுத்தின் மேல் படரும். நாங்கள் வைத்த பெயர் கொடி எழுத்து. என்னைப் போல அதோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அம்மா பெயர்

நத்தத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் மனைவியோடு வந்தார். மகன் கல்யாணம். "எல்லாமே கொடியில ஓடணும்" என்றார். அடித்துக் காட்டினேன். அவருக்குப் பரம சந்தோஷம். அந்த அம்மா மட்டும் தாளைக் கண்ணருகே வைத்து, உதட்டை அசைத்து அசைத்துத் தேடிக்கொண்டிருந்தார். முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவராம். கடைசியில் மெதுவாக, "எம் பேரு எங்கன இருக்கு?" என்றார்.

கணவர் முகம் மாறிவிட்டது. "அவ பேரை அவளே படிக்க முடியலேன்னா எதுக்கும்மா? அதை மட்டும் சாதா எழுத்துல போடு" என்றார். மாற்றி நீட்டினேன். அந்த அம்மா சத்தமாகவே கூட்டினார்: "பாக்... கி... யம். ம், நாந்தேன்."

பார்லர்

பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசாகப் பிரியாணிக் கடை போட்ட பாய், போர்டைத் தங்க நிறக் கொடி எழுத்தில் கேட்டு வாங்கிப்போனார். திறந்த அன்றே போன். இரண்டு பெண்கள் வாசலில் நின்று, "ஐப்ரோ பண்ணுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்டா நிறையப் பிரியாணியை வைத்துக்கொண்டு மனுஷர் என்ன பாடுபட்டிருப்பார்! திட்டு வாங்கத் தயாராகவே ஓடினேன். பாய் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு புள்ளைகளும் சாப்ட்டுட்டுத்தான் போச்சுக. போர்டு அழகா இருக்கு, இருக்கட்டும் தங்கச்சி. கீழ மட்டும் கொட்டை எழுத்துல பிரியாணின்னு போட்டுரு."

கருப்பு மை

சின்னாளப்பட்டி நெசவாளி ஒருவர் மச்சினனோடு வந்தார். போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு மனைவியோடு வந்தவர்தான். "இதை அப்படியே சேலை முந்தியில போடலாம் போல" என்று கொடி எழுத்தை ரசித்தது அந்த அக்காதான். இப்போது அந்த அக்காவுக்குத்தான் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை.

வழக்கம்போலத் தடித்த கருப்பு எழுத்தை எடுத்தேன். நெசவாளி தடுத்து, கொடி எழுத்தையே போடச் சொன்னார். மச்சினனுக்குக் கோபம். "துக்கத்துக்கு யாராச்சும் இப்படி அடிப்பாகளா மாமா? ஊரு சிரிக்கும்" என்றார்.

அவர் திரையில் இருந்த மனைவியின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சிரிக்கட்டும். அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு, அடிம்மா."

இந்த எழுத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு, வேண்டாமென்று எழுந்து போனவர்கள் இல்லை. கண்ணாடியில் பவர் ஏறியது எனக்கு மட்டும்தான்.