எம்மன்புரூக்கே அண்ணையின் குசினிச் சுவர்

சுவிசில், லுசேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து ஆள். நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டுத் திறப்பை ஒப்படைத்த அன்று அறை அறையாகப் பார்த்துவிட்டு, "கோயில் மாதிரி வைச்சிருக்கிறீர் பிள்ளை" என்றார். வேறு வீடு கிடைக்கும்வரை டீட்டிகோனில் என் தம்பியோடு தங்கினோம். அங்கேதான் பெட்ரைபுங் வந்தது, கடன் வசூல் கந்தோரின் கடிதம். குசினிச் சுவருக்கு வர்ணம் அடித்த கடனாக வீட்டுச் சொந்தக்காரருக்கு மூவாயிரம் பிராங் கட்டவேண்டுமாம்.

கடன் இல்லை என்று அந்த இடத்திலேயே மறுத்துக் கையெழுத்து வைத்தேன். மறுத்தாலும் கந்தோரில் என் பேரில் பதிவு நிற்கும், வீடு தருபவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள் என்பது, பாடனில் பார்த்துவைத்த வீடு அதனாலேயே கைவிட்டுப் போனபோதுதான் தெரிந்தது.

வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"சுவர் முழுக்க எண்ணெய் பிள்ளை. பாதியைத் தாரும், நான் பெட்ரைபுங்கை எடுத்துவிடுறன்."

"அந்தக் குசினியில பொரிச்ச மீனை எத்தினை நாள் வந்து சாப்பிட்டனீங்கள் அண்ணை? காசு தரமாட்டன். வழக்குப் போடுங்கோ."

"குடுத்துத் துலையுமப்பா, வீடெல்லோ முக்கியம்" என்றார் கணவர். எனக்கு வீடு முக்கியமாக இல்லை. அந்த மனிதர் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடாமலே வெளியே வந்துவிடுவேன்.

மூன்று மாதத்துக்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் பதிவை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று கந்தோரில் சொன்னார்கள். பொறுத்திருந்து கேட்டேன். வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டும்படி அவருக்கு எழுதினார்கள். அவரிடம் ஒன்றும் இல்லை. பதிவு மறைந்தது.

எனக்கு அது போதவில்லை.

அதற்குள் எங்களுக்குப் பின் வந்தவர்களும் வெளிக்கிட்டு, அவருடைய வீடு காலியாகியிருந்தது. எங்கள் ஆட்கள் என்னிடம் விசாரித்தார்கள்.

"வீடு எப்பிடியக்கா?"

"வீடு நல்ல வீடு. வெளிக்கிடேக்கை பெட்ரைபுங் போடுவார்."

ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பனி கொட்டிய மாதங்களெல்லாம் அந்த வீட்டு யன்னல்கள் இருட்டாகவே கிடந்தன. லுசேர்ன் பக்கம் போனால் வேண்டுமென்றே அந்தத் தெருவால் சுற்றிப் போவேன்.

கடைசியில் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ர வீட்டைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு திரியிறது நீர்தானோ?"

"ஓம் அண்ணை. நான்தான்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் தட்டோடு அவர் விலகிப் போனார். காரில் வரும்போது, "வயசுபோன மனுசன், பாவம்" என்றார் கணவர். அன்று நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டிருந்தேன்.