வெறும் தண்ணீர் ட்யூப்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். மும்பையில் டோம்பிவிலி லோக்கல் ரயிலில் கூட வருகிறவர்கள் அப்படிப் பேசினால் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

செம்பூரில் கால்நடை நோய்களைச் சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கிற பிசிஆர் மெஷின் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு ட்யூபில் வெறும் தண்ணீர் வைப்போம். கிருமி இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும், தண்ணீரில் ஏறவே கூடாது. ஏறினால் எங்கேயோ அசுத்தம், மொத்தமும் செல்லாது.

அன்று காலை தாராவியிலிருந்து இசக்கியம்மாள் என்கிற அக்கா, சினை கலைந்த தன் ஆட்டின் சாம்பிளைக் கொண்டுவந்தார். மூடி கசிந்திருந்தது. கசிந்ததை வாங்கக் கூடாது என்பது விதி, அதனால் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு கொண்டுவரச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மாசமாக இருக்கும் மருமகள்தான் பால் கறக்கிறாள், பச்சையாகவே குடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனார்.

மத்தியானம் தபேலா என்கிற எருமைக் கொட்டகைகளிலிருந்து வந்த சாம்பிள்களை புரூசெல்லாவுக்காக ஓட்டினேன், சினையைக் கலைத்து, பச்சைப் பால் வழியாக மனிதருக்கும் தொற்றுகிற கிருமி அது. எருமைகள் எல்லாம் சுத்தம், தண்ணீரில் மட்டும் கோடு ஏறியது. மேஜையைத் துடைத்து, புதுத் தண்ணீர் எடுத்து மறுபடி ஓட்டினேன், மறுபடியும் அதேதான். பட்டப்பகல், ஏசி அறை, நம்பினால் நம்புங்கள், எனக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்குப் பிறகு செய்ததை நினைத்தால்தான் வெட்கம். அந்த அக்காவுக்குப் போன் போட்டு, பாலைத் தொடாதீர்கள், மருமகளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் புரூசெல்லாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். டெஸ்ட்டே செய்யாத ஆட்டுக்கு.

மருமகளுக்கு அது இருந்தது. சீக்கிரமே மருந்து கொடுத்ததில் வயிற்றுப் பிள்ளை பிழைத்தது. லேபில் எல்லோரும் என் அக்கறையைப் பாராட்டினார்கள், நான் தலை குனிந்து நின்றேன். அக்கறையாவது ஒன்றாவது, பயம்.

பேரனுக்குப் பேர் வைக்கிற அன்று கூப்பிட்டு, பிள்ளையை என் மடியில் போட்டார் இசக்கியம்மாள். கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தேன்.

"உங்க ஆபீஸ்ல ஆடு வளக்கியளா சார்?"

இல்லையே அக்கா என்றேன்.

"அன்னைக்கு நீங்க போன்ல பேசையில பின்னால கத்திட்டே இருந்துச்சுல்லா. எங்க ஆட்டுச் சத்தம் எனக்குத் தெரியாதா? கயித்த அத்துட்டு அங்க வந்துட்டோன்னு வெளிய போய்ப் பாத்தேன். கட்டுன எடத்துலயே செத்துக் கெடந்துச்சு."

நான் போன் பேசிய அந்த லேப் அறைக்கு ஜன்னலே கிடையாது. இப்போதும் தண்ணீர் ட்யூபை நான்தான் வைக்கிறேன். கோடு வரும் நேரத்தில் மட்டும், டீ குடிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.