நைனா விழவில்லை, சாப்பிடுகிறார்

காலையில் ஆபீசுக்குள் நுழைந்து ஜெர்க்கினைக் கழற்றும் நேரத்துக்கு என் போன் கத்தும்: ‘உங்கள் தந்தை கீழே விழுந்துவிட்டார்.’ ஜெர்மனிக்காரர்கள் பதறித் திரும்புவார்கள். நான் அசைய மாட்டேன். செஞ்சியில் அப்போது மத்தியானம். நைனா தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அவர் போட்டிருக்கும் ஸ்மார்ட் கண்ணாடி நான் அனுப்பியது. போன வருஷம் சர்க்கரை இறங்கிக் குளியலறையில் விழுந்தவர், பக்கத்து வீட்டு செல்வி அக்கா வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்தார். அம்மா போனபிறகு வீட்டில் வேறு ஆள் இல்லை. இங்கே வா என்றால் வர மாட்டார். அந்தக் கண்ணாடியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் கும்பலில் நானும் ஒருவன் என்பதுதான் கேவலம். தலை தரைப்பக்கம் இறங்கி அங்கேயே நின்றால், விழுந்துவிட்டீர்களா என்று அது கேட்கும். பதில் இல்லையென்றால் எனக்கும் செல்வி அக்காவுக்கும் தகவல் போகும். நைனா சோற்றில் கை வைத்துவிட்டால் எழுந்திருக்கும்வரை வாய் திறக்க மாட்டார். சின்ன வயதில் சாப்பிடும்போது பேசியதற்காக என்னை அடித்தவர், கண்ணாடிக்கா பதில் சொல்வார்?

முதல் நாள் செல்வி அக்கா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“உங்க நைனா ரசஞ்சோத்துல விழுந்துட்டாரு தம்பி. எழுந்திரிக்க நேரமாவும்.”

கொஞ்ச நாளில் அவளும் ஓடுவதை விட்டுவிட்டாள். நிஜமாக விழும் நாளில் யார் ஓடுவது?

டீம் தலைவி யானாவிடம் சொன்னேன். முகம் வாடிப்போய், அப்பாவிடம் நாற்காலி இல்லையா, நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். இருக்கிறது, அதில் துணி மடித்து வைப்போம் என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். தரையில் உட்காருவது அபூர்வமான நிலை, அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றாள். எத்தனை கோடிப் பேர் உட்காருகிற விதம் இவர்களுக்கு அபூர்வம். அவள் கெட்டவளும் இல்லை, திட்டக்கூட வழியில்லை.

பிறகு திடீரென்று போன் கத்துவது நின்றது. லீவில் செஞ்சிக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. நைனா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலை குனியாமல் சாப்பிட்டார். வேட்டியெல்லாம் சாம்பார். முடித்துக் கை கழுவியபிறகு கேட்டேன்.

“நீ அங்க டென்ஷன் ஆவுற. செல்வி அடுப்ப வுட்டுட்டு ஓடியாந்து ஓடியாந்து அலுத்துப்போச்சு. சேர்ல உக்காந்தா இது கம்முனு கெடக்குது. இப்ப இன்னாங்கற?”

கழற்றி வைத்துவிட்டுக் கீழே உட்கார் என்றேன்.

“கழட்டிட்டு விழுந்தா?”

அப்பாவுக்கு எந்திரம் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள். கண்ணாடியைத் திருத்தச் சம்பளம் வாங்குகிறவன் நான். திருந்தியது நைனா.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, டெஸ்டிங் கண்ணாடியில் தகவல் போகவேண்டிய இடத்தில் நைனாவின் நம்பரைப் போட்டு, அதை மாட்டிக்கொண்டு என் வீட்டுத் தரையில் தட்டை வைத்து உட்கார்ந்தேன். விழுந்துவிட்டீர்களா என்று ஜெர்மனில் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன். சற்றுநேரத்தில் செஞ்சியிலிருந்து போன்.

“இன்னாடா, சாப்டுறியா?”

அங்கே நாற்காலி கிறீச்சிட்டது. இங்கே நான் தரையில். வாயில் சோறு, பேசவில்லை. அவரும் போனை வைக்கவில்லை.