தாணுவின் மெயில் வந்த முகவரி

காலையில் இன்டர்நெட்காரர் வந்திருந்தார். பழைய வயரை மாற்றி ஃபைபர் போட வேண்டுமாம். “பழைய கனெக்‌ஷன் கட் செய்யட்டே சாரே?” என்றார். நான் தலையாட்டுவதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவி வடிவின் குரல் வந்தது: “கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. அதுல உள்ளதெல்லாம் இதுல வந்துட்டாண்ணு பாத்துட்டு கட் பண்ணலாம்.” அதில் ஒன்றும் இல்லை சேச்சி, வெறும் வயர்தான் என்று அவர் சிரித்தார். வடிவு சிரிக்கவில்லை.

அவர் புதுப்பெட்டியைப் பிரித்தபோது வந்த பிளாஸ்டிக் வாசனை என்னைப் பேரூர்க்கடை வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் முதல் மோடத்துக்கும் இதே வாசனைதான். சூடேறினால் இன்னும் தூக்கலாக அடிக்கும். டயல் செய்ததும் அது தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி கத்தும். பிறகு ஒரு நிமிஷம் அமைதி. பெரும்பாலும் லைன் கிடைக்காது, மறுபடி டயல் செய்ய வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இடிச்சத்தம் கேட்டதுமே ஓடிப்போய் வயரை உருவ வேண்டும். நான் கம்பெனியில் கணக்குப் பிரிவு. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் வாங்கியிருந்தேன். ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பேன் என்பது வடிவுக்கு மட்டும் தெரியும்.

இவ்வளவு பாடும் அவள் தம்பி தாணுவுக்காகத்தான். நாகர்கோவிலில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போனவன். வீட்டில் இருந்த காலத்தில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசமாட்டான். போனில் கூப்பிட்டாலும் “நல்லா இருக்கேன்க்கா” என்பதோடு சரி. ஆனால் மெயிலில் வேறு ஆளாக இருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுவான். கேம்ப்பில் பக்கத்துக் கட்டில்காரன் தூக்கத்தில் பாடுவது, மணல்காற்று அடித்த மறுநாள் சோற்றைக் கடித்தால் வரும் நறநற சத்தம், வெள்ளிக்கிழமை மதியங்களில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் படுத்துக் கிடப்பது. வடிவு சத்தமாக வாசித்துச் சிரிப்பாள், நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைப்பாள். “இவனுக்கு இவ்ளோ பேசத் தெரியுமா, கேட்டீளா?”

பிறகு மெயில்கள் குறைந்தன. கம்பெனியில் ஏதோ பிரச்சினை, வேறு ஊருக்குப் போகிறேன் என்று இரண்டு வரி வந்தது. அதற்குப்பின் ஒன்றுமில்லை. கேம்ப் போனில் யாரும் எடுக்கவில்லை. வடிவு காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மோடத்தைப் போடுவாள். பூனை கத்தும். நான் பாயில் படுத்தபடியே அவள் எழுந்து போகும் சத்தத்தை வைத்து ஒன்றும் வரவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

இதற்கிடையில் எங்கள் ஆபீஸ் கழக்கூட்டத்துக்கு மாறியது. நாங்களும் அங்கே ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். அங்கே கேபிள்காரரே பிராட்பேண்ட் கொடுத்தார். லேண்ட்லைன் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். போனே இல்லாத வீட்டில் டயல்-அப் எதற்கு? டெலிபோன் ஆபீசில் ரத்து செய்யப் போனபோது வடிவும் கூட வந்தாள். இந்தக் கவுண்டர் இல்லை அந்தக் கவுண்டர் என்று அலையவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

“கனெக்‌ஷன் போகட்டும். மெயில் மட்டும் வச்சுக்கிட முடியாதா?” என்று வடிவு கேட்டாள்.

“அது பற்றில்ல சேச்சி. ரெண்டும் ஒந்நாணு.” முடியாது என்று சொன்ன அந்தப் பெண், வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “மெயில்பாக்ஸ் ஒரு மாசம் கூடி உண்டாவும். பேடிக்கண்டா.”

இன்னும் ஒரு மாசம் இருக்கும், பயப்படாதே என்று சொன்னால் வடிவு நம்பிவிடுவாள். அன்றைக்கே தாணுவுக்குப் புது முகவரியை எழுதினாள். அவனுடைய பழைய மெயில்களை ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சென்டரில் போய் பிரிண்ட் எடுப்பதாக ஏற்பாடு. ஞாயிறன்று பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தும் கதவு திறக்கவில்லை. டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்தேன். சிஸ்டம் தானாகவே குளோஸ் செய்திருக்கும் என்றார்கள். யாரிடம் சண்டை போடுவது? எனக்கும் அப்போது அதற்குத் தெம்பில்லை.

வருஷங்கள் போயின. ஒரு மத்தியானம் பேரூர்க்கடை வீட்டுக்காரர் போன் செய்தார். “உங்க மச்சினன்னு ஒருத்தர் கேட்டுகிட்டு நிக்குது சாரே.” ஆட்டோ பிடித்துப் போனோம். தோளில் ஒரு பையுடன், பாதி முடி கொட்டிப்போய் தாணு நின்றிருந்தான். விசா இல்லாமல் ஊர் ஊராக ஒளிந்து வேலை செய்துவிட்டு, பொதுமன்னிப்பில் திரும்பியிருக்கிறான்.

“அக்காவுக்கு எழுதினேன் அத்தான். மெயில் திரும்பி வந்துட்டு. எனக்க சங்காத்தமே வேண்டாம்ணு அட்ரஸை மாத்திட்டீங்கண்ணு நெனச்சேன்” என்றான்.

“நான் ஒனக்குப் புது அட்ரஸ் எழுதினேனேடே!”

“எனக்க பழைய மெயில் ஐடி அந்தக் கம்பெனியோடயே போச்சுக்கா. வேற ஐடியிலதான் எழுதினேன்.”

வடிவு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை. ஆட்டோவிலும் அப்படியே வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது நாகர்கோவிலில் வயரிங் வேலை பார்க்கிறான். கல்யாணமும் ஆயிற்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறான், பூப்படத்தோடு. அதற்குமேல் ஒரு வார்த்தை கூட எழுதுவதில்லை. வந்தால் பழையபடி பேசாமல் உட்கார்ந்திருப்பான். போன தடவை வந்தபோது வடிவு கேட்டேவிட்டாள்: “ஏம்டே, அப்ப எழுதினதெல்லாம் வாயால ஒருதரம் சொல்லேன். கேட்டுக்கிடுகேன்.”

தாணு முடி கொட்டிய தலையைத் தடவினான். “என்ன எழுதினேன்னே ஞாபகம் இல்லக்கா” என்றான்.

அவனைக் குறைசொல்ல முடியாது. எங்களுக்கே பாதிதான் நினைவிருக்கிறது. அந்தப் பாதியையும் நான் ஒரு மாதிரி சொல்கிறேன், வடிவு வேறு மாதிரி சொல்கிறாள்.